அணைத்துப் பார்க்காத சர்வரை நம்பாதீர்கள்

"எதை வேணா ஆஃப் பண்ணுங்கண்ணே, சர்வரை மட்டும் கை வைக்காதீங்க." கொருக்குப்பேட்டையில் கணினி வைத்துத் தொழில் செய்கிற எவரும் இதைக் கேட்டிருப்பார். எண்ணெய்க் கிடங்கு, தானியக் கிடங்கு, லாரி புக்கிங் ஆபீஸ், துறைமுகச் சரக்குக்குக் கிளியரிங் பார்க்கும் அலுவலகம் என எங்கே போனாலும் பின்பக்கம் ஒரு சின்ன ஏசி அறை இருக்கும். அதில் ஒரு டவர் சர்வர், பக்கத்தில் யு.பி.எஸ்., கீழே பேட்டரி ஸ்டாண்டு. சர்வரின் பவர் பட்டன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். சுவர் சுவிட்சுக்கு மேலே 'தொடாதே' என்று எழுதிய காகிதம். எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று கேட்டால் பெருமையோடு பதில் வரும்: வாங்கி வைத்த நாளிலிருந்து நிறுத்தியதே இல்லை.

அந்தப் பெருமை தவறானது என்பதே என் வாதம். சர்வரை நாமே, நாள் குறித்து, முறைப்படி அணைத்து, முறைப்படி திரும்பக் கிளப்பிப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அதைச் செய்யாதவர்கள் பணத்தையும் கணக்கையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய ஹார்டுவேர் ஆட்களே 'கை வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் போவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் சொல்லும் காரணங்கள் கேட்க நியாயமாகவே இருக்கும். பழைய மெஷின், அணைத்தால் திரும்ப வராமல் போகலாம். ஆன்-ஆஃப் செய்யச் செய்ய ஆயுள் குறையும். பெரிய கம்பெனிகள் இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டுகிறார்கள், நாமும் ஓட்டவேண்டியதுதான். யு.பி.எஸ். இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'நிறுத்தியதே இல்லை' என்பது உண்மை அல்ல. நீங்கள் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். ஈ.பி. நிறுத்தியிருக்கிறது.

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை எந்தெந்தத் தெருக்களில் மின்சாரம் இருக்காது என்று நாளிதழில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அது அறிவித்து வருவது. அறிவிக்காமல் வருவதும் நமக்குப் பழக்கம்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோது, தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஆள் சாகக்கூடாது என்று ஈ.பி.யே மின்சாரத்தை நிறுத்தியது; வடசென்னையில் பல இடங்களுக்கு அது திரும்பி வர நாள்கணக்கில் ஆயிற்று. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் இருண்டன. இங்கே சர்வர் நிற்குமா நிற்காதா என்ற கேள்விக்கே இடமில்லை. நின்றே தீரும். நம் கையால் நிற்கிறதா, பேட்டரி தீர்ந்து தானாக விழுகிறதா என்பதுதான் விஷயம்.

இதற்குச் சாட்சி அந்தந்த சர்வருக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் சர்வராக இருந்தால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் லாகில் 1074, 6008 என்ற இரண்டு எண்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 1074 என்றால் முறைப்படி நிறுத்தப்பட்டது என்று அர்த்தம். யார் நிறுத்தினார்கள், எந்தக் காரணம் கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கும். 6008 வேறு. முந்தைய முறை இன்ன தேதியில் இன்ன நேரத்தில் எதிர்பாராமல் நின்றுபோனேன் என்று, மறுபடி எழுந்த பிறகு சர்வரே எழுதிவைக்கும் குறிப்பு அது. இந்தப் பக்கம் நான் பார்த்த சர்வர்களில் 1074 தேடினால்தான் கிடைக்கும். 6008 வரிசையாக நிற்கும். அந்தத் தேதிகளை மின்தடை அறிவிப்புத் தேதிகளோடு ஒட்டிப் பாருங்கள், பல பொருந்திப்போகும். இன்னும் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். மின்தடை 9 மணிக்கு என்றால், சர்வர் விழுந்த நேரம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் பேட்டரி தாங்கிய நேரம். ஒவ்வொரு மின்தடைக்கும் அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வருவதையும் அங்கேயே படிக்கலாம். நிறுத்தியதே இல்லை என்று சொல்லும் முதலாளிகள் ஒருமுறை இதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

யு.பி.எஸ். பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. யு.பி.எஸ். மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் பெட்டி. சர்வரை அணைக்க அவகாசம் கொடுப்பது அதன் வேலை. ஐந்து மணி நேர மின்தடையைத் தாண்டி ஓட்டுவதற்காக அது வாங்கப்படவில்லை, அந்த அளவு பேட்டரியும் பெரும்பாலான இடங்களில் கிடையாது. இருக்கிற பேட்டரியும் 25 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைத்து ஆயுள் சொல்லப்பட்டது; அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஈயப் பேட்டரிக்குப் பொது விதி. தகரக் கூரைக் கிடங்கின் ஓரத்தில், ஏசிக்கு வெளியே வைத்த பேட்டரி மே மாதத்தில் என்ன பாடுபடும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதிலும் மனம் பொறுக்காத ஒன்று உண்டு. யு.பி.எஸ். வாங்கும்போது பெரும்பாலும் கூடவே ஒரு யு.எஸ்.பி. கேபிள் வரும். அதைச் சர்வரில் செருகி, ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டால், பேட்டரி குறையும் நேரத்தில் யு.பி.எஸ். சொல்ல, சர்வர் தன்னைத்தானே முறைப்படி நிறுத்திக்கொள்ளும். ஏ.பி.சி. யு.பி.எஸ்.ஸுக்குப் பவர்சூட் இருக்கிறது. பல நிறுவனங்களின் யு.பி.எஸ்.களுக்கும் ஒத்துப்போகிற 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் கேபிள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பாலித்தீன் கவர் பிரிக்காமல், வாரண்டி கார்டோடு மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். நள்ளிரவு மின்தடையில், ஆளில்லாத கிடங்கில், சர்வரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். 'ஆஃப் பண்ணவே கூடாது' என்று நம்புகிறவர், தானாக ஆஃப் ஆவதற்கு வழி செய்யும் கேபிளை எதற்காகச் செருகப் போகிறார்?

திடீரென விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பில்லைப் போட்டுச் சேமித்ததும் அது வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறார். பல சமயம் அது இன்னும் நினைவகத்தில்தான் நிற்கும். இயங்குதளம் சிலவற்றைச் சேர்த்து வைத்து எழுதும், பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டு தன் பங்குக்குச் சேர்த்து வைக்கும், வட்டுக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு. முறைப்படி நிறுத்தும்போது இவை எல்லாம் வரிசையாகக் காலிசெய்யப்பட்டு, தரவுத்தளம் தன் கோப்புகளை மூடி, அதன் பிறகே மின்சாரம் துண்டிக்கப்படும். பட்டென்று போனால் பாதி எழுதிய பக்கம் பாதியிலேயே நிற்கும். பெரிய தரவுத்தளங்கள் முன்கூட்டியே குறிப்பேடு எழுதிவைத்து, எழுந்ததும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நம் கடைகளில் ஓடும் கணக்கு மென்பொருள் எல்லாவற்றுக்கும் அந்த உறுதி கிடையாது. டேலி டேட்டாவை 'ரீரைட்' செய்வது எப்படி என்று இங்கே கணக்கெழுதும் பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அது தெரியவேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏன் வந்தது என்று யாராவது யோசித்தோமா?

போவது பாதி ஆபத்து. மின்சாரம் திரும்பி வருவது மீதிப் பாதி, பல நேரங்களில் அதுவே பெரிய பாதி. 2017 மே 27 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்றில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பெரும் சேதம் அப்போது ஏற்படவில்லை. துண்டித்த மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் ஒரே வீச்சில் திரும்ப விடப்பட்டபோதுதான் கருவிகள் கெட்டன என்று தாய் நிறுவனத்தின் தலைவர் வில்லி வால்ஷ் பின்னர் சொன்னார். 726 விமானங்கள் ரத்தாகி, 75,000 பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியபோதும் இதே கவலை வந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் பத்துக்கணக்கான மெகாவாட் சுமை திடீரென ஏறி, மின் அமைப்பிலிருந்து எல்லாமே ஆபத்துக்குள்ளாகும் என்று அஞ்சி, படிப்படியாகத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம்மூரில் மின்சாரம் வரும் விதம் தெரியும். வரும், ஒரு நிமிடத்தில் போகும், மறுபடி வரும். சர்வரின் பயாஸில், மின்சாரம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்த நிலையில் மின்சாரம் வருகிறது, சர்வர் உடனே தானாகக் கிளம்புகிறது, விண்டோஸ் பாதி ஏறும்போது மறுபடி போகிறது, தாங்கப் பேட்டரியில் ஒன்றுமில்லை. முதல் அடியை விட இந்த இரண்டாவது அடிதான் கொல்லும். மின்சாரம் நிலைத்து, பேட்டரி ஓரளவு ஏறும்வரை சர்வர் கிளம்பாமல் இருக்க வேண்டும். அந்த அமைப்பை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் பயாஸுக்குள் போக சர்வரை ஒருமுறை நிறுத்தியாக வேண்டுமே.

இனி, பெரிய இடங்களில் நிறுத்தவே மாட்டார்கள் என்ற வாதம். கொருக்குப்பேட்டையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும். மணலியில் 1969 முதல் ஓடும் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அது இரவு பகலாக ஓடும் ஆலைதான். ஆனாலும் நாள் குறித்து, பிரிவு பிரிவாக நிறுத்தி, பிரித்துச் சுத்தம் செய்து, சோதித்துத் திரும்பக் கிளப்புகிறார்கள். 'ஷட்டவுன் வேலை' என்றால் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் விளக்கம் தேவையில்லை. ஃபிட்டரும் வெல்டரும் ஹெல்ப்பரும் அந்த நாட்களுக்காகக் காத்திருப்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் அந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஓடும்வரை ஓடட்டும் என்று எந்தப் பொறியாளரும் அந்த ஆலையை விட்டுவைப்பதில்லை. நம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகும் கும்மிடிப்பூண்டி தடத்தில், பராமரிப்புக்காக மின்சார ரயில்கள் ரத்து என்று தெற்கு ரயில்வே அவ்வப்போது அறிவிக்கிறது. திட்டிக்கொண்டே நாம் பஸ் பிடிக்கிறோம், ஆனாலும் தண்டவாளத்தைப் பார்க்காமல் ரயிலை ஓட்டச் சொல்ல மாட்டோம்.

நாம் குறை சொல்லும் ஈ.பி.யே இதில் நமக்கு வாத்தியார். மாதாந்திர மின்தடை அன்று துணை மின்நிலையத்தில் நடப்பதைச் சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். லைனில் வேலை செய்யப் போகிறவர் முதலில் எல்.சி. என்கிற 'லைன் கிளியர்' அனுமதி வாங்குவார். எந்த ஃபீடர், யார் கேட்டது, எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் ஏறும். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரைப் பிரித்து, எர்த் போட்டு, ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற பலகையைத் தொங்கவிடுவார். வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், எர்த் ராடுகள் எடுக்கப்பட்டுவிட்டன என்று அவர் வாயால் சொன்ன பிறகே லைன் சார்ஜ் செய்யப்படும். அதுவும் ஒவ்வொரு ஃபீடராக. இந்த ஒழுங்கு எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றுகிறது. இது மீறப்பட்ட இடங்களில் ஒயர்மேன்கள் இறந்திருக்கிறார்கள். நிறுத்துவது என்பது ஒரு முறை, ஒரு வரிசை, ஒரு கையெழுத்து என்று ஐ.டி.ஐ. படித்த ஒயர்மேனுக்குத் தெரிகிறது. சர்வருக்கு வருடச் சந்தா வாங்குகிறவருக்குத் தெரியவில்லை என்றால் அது மன்னிக்கக்கூடியதல்ல.

பக்கத்திலேயே பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின்நிலையம் இருக்கிறது. மாநிலம் முழுக்க மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரம் வாங்காமல் தானே கிளம்பி, மற்ற நிலையங்களை எழுப்பக்கூடிய நிலையங்களில் அது ஒன்று. அப்படி எழும் திறன் தாளில் இருந்தால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்று இந்திய மின் தொகுப்பு விதிகளே சொல்கின்றன. நாட்டின் மின்சாரத்தையே கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒத்திகை கட்டாயம். ஒரு கிடங்கின் கணக்கை வைத்திருக்கும் சர்வருக்கு ஒத்திகை கூடாதாம்.

கணினித் துறையின் பெரிய இடங்களும் அப்படித்தான். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இரவு 11:45 முதல் சுமார் அரை மணி நேரம் டிக்கெட் எடுக்க முடியாது என்பது ரயிலில் போகிற அனைவருக்கும் தெரியும். கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் சேவை தினமும் தன் வேலைக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்கிறது. தேசியப் பங்குச் சந்தை 2021 பிப்ரவரி 24 அன்று வணிக நேரத்தின் நடுவே சுமார் நான்கு மணி நேரம் நின்றது. மாற்று மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. பின்னாளில் என்ன செய்தார்கள்? 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் சிறப்பு வணிகம் நடத்தி, முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு வேண்டுமென்றே மாறிக் காட்டினார்கள். ஃபேஸ்புக்கும் ஒரு முழுத் தரவு மையத்தையே அணைத்துப் பார்க்கும் ஒத்திகைகளை முன்பே நடத்திவந்ததால்தான், அந்த அக்டோபர் நாளில் சுமையைப் படிப்படியாக ஏற்றத் தெரிந்திருந்தது. பெரியவர்களிடம் இரண்டு மூன்று மையங்கள் இருக்கின்றன, ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று ஓடும் என்று பதில் வரும். சரி. அவர்களுடைய சேவை நிற்காமல் இருப்பதற்குக் காரணம், அவர்களுடைய ஒவ்வொரு இயந்திரமும் நிறுத்தக்கூடியதாக இருப்பதுதான். ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவர் அவர்களைப் பார்த்து 'நிறுத்தக்கூடாது' என்று கற்றுக்கொண்டால், தலைகீழாகக் கற்றிருக்கிறார்.

விமானத்துக்கே இந்த விதி உண்டு. போயிங் 787 விமானத்தின் மின் அமைப்பு 248 நாட்கள் அணையாமல் தொடர்ந்து இருந்தால், மின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் கருவிகள் நான்கும் ஒன்றாக நின்றுபோகலாம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். மென்பொருளில் இருந்த ஓர் எண்ணி நிரம்பி வழிவது காரணம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கொடுத்த உத்தரவு எளிமையானது: அந்தக் கெடுவுக்கு முன்னால் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். தொடர்ந்து ஓடுவதே கோளாறாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

'அணைத்தால் திரும்ப வராது' என்பதுதான் உண்மையான பயம். அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது, ஏனென்றால் அப்படி நடப்பது உண்டு. வருடக்கணக்கில் சுற்றிய வட்டு நின்று குளிர்ந்ததும் மறுபடி சுற்ற மறுக்கும். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கும், கிளம்பும் நேரத்து இழுப்பைத் தாங்காது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறதே, அது தீர்ந்திருந்தால் அணைத்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். ஐந்து நிமிட வித்தியாசத்துக்கே டொமைன் லாகின் வேலை செய்யாது, பில்லில் தேதி தப்பாக விழும். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் எதையும் அணைத்தல் உண்டாக்கவில்லை. வட்டு ஏற்கெனவே தேய்ந்தது, கெப்பாசிட்டர் ஏற்கெனவே உப்பியது, பேட்டரி ஏற்கெனவே தீர்ந்தது. ஓடிக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்தது. அணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? அடுத்த மின்தடை அதை வெளியே கொண்டுவரும், ஈ.பி. குறித்த நாளில், ஈ.பி. குறித்த நேரத்தில். ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்யவேண்டிய 20-ம் தேதி காலையில் அது தெரியவருவது நல்லதா, பேக்கப் எடுத்து, மாற்று வட்டு வாங்கி வைத்து, ஆளும் பக்கத்தில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியவருவது நல்லதா? அணைத்தால் திரும்ப வராது என்று நீங்கள் சந்தேகப்படும் சர்வர், இந்த நிமிடமே பழுதான சர்வர். அதற்குச் செய்யவேண்டியது மாற்று ஏற்பாடு. டேப் ஒட்டுவது இல்லை.

2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி. வட்டுகள், மென்பொருள் திருத்தம் போடாவிட்டால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். உள்ளிருக்கும் தரவும் கிடைக்காது. கணக்குப் போட்டால் மூன்று வருடம் ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால் ரெய்டும் கைகொடுக்காது. பராமரிப்புக்கென்று ஒரு நாள் வைத்திருப்பவர்தான் இத்தகைய அறிவிப்பைத் தேடிப் படித்துத் திருத்தம் போடுவார். மற்றவருக்கு மணி எண்ணிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்புத் திருத்தங்களும் அதே கதை. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சூறையாடியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே திருத்தம் கொடுத்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அவகாசம். திருத்தம் முழுதாக ஏற ரீஸ்டார்ட் வேண்டும், ரீஸ்டார்ட்டுக்கு மனம் வராத இடங்களில் ஓட்டை திறந்தே கிடந்தது.

ஆயுள் குறையும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சூடாகிக் குளிர்வது சாலிடரையும் இணைப்புகளையும் தேய்க்கும். கடற்காற்றும் பக்கிங்காம் கால்வாயின் வாடையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் வரும் இந்த ஊரில், அணைத்த சர்வரை நாள்கணக்கில் அப்படியே போட்டால் ஈரம் இறங்கும். ஈரத்தோடு கந்தகக் காற்று சேர்ந்தால் செம்பும் வெள்ளியும் அரிக்கும். ஆகவே தினம் இரவில் அணைத்துக் காலையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்கிறேன். பழைய வன்வட்டுகளுக்கே 50,000 முறை நின்று கிளம்பும் திறன் உண்டு என்று தயாரிப்பாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு முறை அதில் எந்த மூலைக்கு? அதேநேரம், மின்சாரம் பட்டென்று போகும்போது வட்டின் முள் அவசரமாக இழுத்து நிறுத்தப்படுகிறது. வழக்கமான நிறுத்தத்தைவிட அது கடுமையானது. பல வட்டுகள் அந்த எண்ணிக்கையைத் தனியாகவே குறித்துவைக்கின்றன. ஆயுளைப் பற்றிக் கவலைப்படுகிறவர் எண்ணிப்பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். மேலும், உள்ளே படிந்த லாரிப் புழுதியை ஊதித் துடைக்க அணைத்தே ஆகவேண்டும். ஓடும் சர்வரில் யாரும் புளோயர் வைப்பதில்லை.

மிக்ஜாமின்போது தரைமட்ட அறைகளில் தண்ணீர் ஏறியதை நினைத்துப் பாருங்கள். முழங்கால் அளவு வருவதற்குள் சர்வரை அணைத்து, கழற்றி, மேசைமேல் தூக்கவேண்டும். கடையில் அன்று இருக்கும் பையனுக்கு அணைக்கும் முறை தெரியாது, தொடக்கூடாது என்பது மட்டும் தெரியும். அவன் என்ன செய்வான்? நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்வான்.

முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அடுத்த மாதாந்திர மின்தடை நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலையே பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் கணக்கில் சேராது. காலை 8:30-க்குள் எல்லாரையும் டேலியிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். பிறகு பில்லிங் மென்பொருள், அடுத்து தரவுத்தளம், அடுத்து சர்வர். விண்டோஸ் சர்வர் ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்கும். ஏதோ ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போகாமல் காரணத்தை எழுதுங்கள், பின்னால் உதவும். பவர் பட்டனை விரலால் அழுத்திப் பிடித்து அணைப்பது அணைத்தல் ஆகாது. நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் அதுவும் ஒயரைப் பிடுங்குவதும் ஒன்றுதான். சர்வர் நின்றபின் வெளியே தனியாக இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி, அதன்பின் நெட்வொர்க் ஸ்விட்ச், கடைசியில் யு.பி.எஸ்.

கிளப்பும்போது வரிசை தலைகீழ். மின்சாரம் வந்ததும் பாயக்கூடாது. கால் மணி நேரம் நிலைத்து நிற்கட்டும். முதலில் ஏசி, மழைக்காலமாக இருந்தால் அறை காய இன்னும் கொஞ்சம் நேரம். யு.பி.எஸ்., பிறகு ஸ்விட்சும் ரவுட்டரும். ஸ்டோரேஜ் இருந்தால் அதன் விளக்குகள் எல்லாம் பச்சைக்கு வரும்வரை பொறுங்கள். அவசரத்தில் சர்வரை முதலில் போட்டால் அது தன் வட்டைத் தேடிக் காணாமல் அரைகுறையாக எழும், பிறகு அரை நாள் அதற்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். டொமைன் கன்ட்ரோலர் தனியாக இருந்தால் அது முதலில், பிறகு தரவுத்தளம், பிறகு பில்லிங். கடிகாரத்தில் தேதி சரியா என்று பாருங்கள். ஒரு சோதனை பில் போட்டு ரத்து செய்யுங்கள். எல்லாம் சரியென்ற பிறகே ஊழியர்களை உள்ளே விடுங்கள். எல்.சி. திருப்பிக் கொடுப்பது போல, அணைத்தவரே சரி சொல்ல வேண்டும். இந்த வரிசையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, 'தொடாதே' காகிதத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு: தேதி, அணைத்த நேரம், கிளம்பிய நேரம், கையெழுத்து. அந்தப் பாலித்தீன் கவரையும் அன்றே பிரித்துவிடுங்கள்.

ஏ.எம்.சி. என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆள் வரும்போது ஒரே ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் ஆள் நேரில் வந்து, சர்வரை முழுதாக நிறுத்தி, சுத்தம் செய்து, கிளப்பிக் காட்டி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 'திரும்ப வரலைன்னா எங்க பொறுப்பாயிடும் சார்' என்று மறுப்பார்கள். அந்தப் பொறுப்புக்குத்தான் வருடா வருடம் பணம் கொடுக்கிறீர்கள். எழுதித் தராதவருக்குச் செக் எழுதாதீர்கள்.